இழுத்துக் கட்டிய துணி

"இன்னாய்யா பண்ணி வச்சிருக்கிற?"

வலை காயப்போடும் கழிகளுக்கு நடுவே பெனிட்டாவின் துணி விறைப்பாக நின்றது. மேல் ஓரம் ஆணியில், கீழ் ஓரத்தில் வரிசையாகக் கற்கள். நேற்றுக் கொசுவம் கொசுவமாகச் சுருங்கியிருந்த துணி, இன்று போர்வை மாதிரி தட்டை.

"விடியக்காலம் கரைக்கு வந்தேன். ஈரத்தோட சுருண்டு கிடந்துச்சு. இழுத்துக் கட்டுனா நேராவும்னு…" என்றான் அவள் கணவன் தேவதாஸ்.

"சுருங்கணும்னுதான்யா நெய்ஞ்சேன்!"

ராட்டையில் நூலை அளவுக்கு மீறி முறுக்கி, வலமுறுக்கும் இடமுறுக்குமாக மாற்றி மாற்றி ஊடையில், அதாவது குறுக்கு நூலில், ஓட்டியிருந்தாள். தறியில் சாதாரணத் துணிதான். வெந்நீர் பட்டால் அந்த முறுக்கே மடிப்பை இழுத்துவிடும். எத்தனையோ துண்டுகள் பாழான பிறகு தேறியது இது ஒன்றுதான்.

"கடைக்கார மேடம் பொன்னேரியில இறங்கிட்டாங்களாம். இன்னா காட்டுறது, உன் கல்லையா?"

"கோச்சுக்காத பெனிட்டா."

"இது தேறலைன்னா தறியைப் பிரிச்சிட்டு மீஞ்சூர் கம்பெனிக்குப் போறேன்னு சொன்னேன்ல? சந்தோசமா?"

"நானா போகச் சொன்னேன்? மறுபடி வெந்நீர்ல போட்டா வராதா?"

"தெரியாது. காய்ஞ்சதுல முறுக்கு செத்திருந்தா அவ்ளோதான்."

தண்ணீர் கொதிக்கும்போதே ஆட்டோ வந்து நின்றது. கடைக்கார வெண்ணிலா இறங்கினாள்.

"மடிப்புத் துணின்னீங்க, மடிப்பையே காணோமே?"

"இருந்துச்சு மேடம். இவரு வலைன்னு நினைச்சுக் கட்டிட்டாரு."

வெண்ணிலா சிரிக்கவில்லை. "என்கிட்ட வாங்குறவங்க வீட்லயும் யாராச்சும் இழுத்துக் காயப்போடுவாங்க. அப்போ?"

பெனிட்டா கற்களைத் தள்ளிவிட்டுத் துணியை ஆணியிலிருந்து எடுத்தாள். வெந்நீரை வாளியில் ஊற்றித் துணியை அமுக்கினாள். அது அசையாமல் கிடந்தது.

"ஒண்ணும் ஆவலியே," தேவதாஸ் முணுமுணுத்தான்.

"வாய மூடுய்யா."

குச்சியால் தூக்கினாள். ஓரத்தில் ஒரு மடிப்பு. பக்கத்தில் இன்னொன்று. பிறகு துணி முழுதும் தானாக ஒடுங்கி, அகலம் பாதியாகி, வாளிக்கு மேல் கொத்தாகத் தொங்கியது.

"ஏசப்பா!" என்றான் தேவதாஸ்.

வெண்ணிலா ஒவ்வொரு மடிப்பாக விரலால் தடவினாள். ஆணி பட்ட இடத்தில் துருக்கறை.

"இது?"

"அது எங்க வீட்டுக்காரர் கைவேலை."

இப்போது வெண்ணிலாவுக்குச் சிரிப்பு வந்தது. "திரும்ப ஒருதடவை இழுங்க. காயட்டும். மறுபடி நனைச்சுப் பார்த்துட்டு ஆர்டர் பேசலாம்."

தேவதாஸ் துணியின் ஒரு முனையைத் தொடப் பயந்து நின்றான்.

"இன்னா பாத்துக்கினு நிக்கிற?" பெனிட்டா மறுமுனையைப் பிடித்தாள். "நல்லா இழுய்யா. வலையை இழுக்கிற மாதிரி."