இருமக் கூடாத மனிதர்

தையற்காரம்மாவுக்குத் தெரியாத தையல் கிடையாது. "இழுத்துப் பாக்காதீங்க, தையல் விட்டுடும்" என்று கடைக்கு வருகிற அத்தனை பேரையும் அதட்டி அதட்டியே பாதி ஆயுள் போய்விட்டது. அதனால்தான், குடலில் இருந்த அடைப்பை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டுக் கணவரை வார்டுக்குக் கொண்டுவந்தபோது, அவள் டாக்டரின் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றின் மேலிருந்த கட்டைத்தான் பார்த்தாள். நெஞ்சுக்குழியில் தொடங்கித் தொப்புளைத் தாண்டி இறங்கியிருந்தது. இவ்வளவு நீளத் தையல், அதுவும் தொப்பை முட்டுகிற இடத்தில், சத்தியமாகத் தாங்காது என்று முடிவுகட்டினாள். இந்த மனிதரை அசையவே விடக் கூடாது.

அசையாமல் கிடக்கிற ஆளா அவர்? பஸ் கண்டக்டர். ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோரிடமும் வாயடிப்பவர். வீட்டிலோ அவள் எதைச் சொன்னாலும் அதற்கு நேர்மாறாகச் செய்யாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. குடை எடுத்துப் போங்கள் என்றால் நனைந்துகொண்டு வருவார். அப்படிப்பட்டவர் இப்போது பெட்டிப்பாம்பாகப் படுத்திருந்தார்.

"ஏங்க, இருமிடாதீங்க."

"சரி."

"சிரிக்கவும் வேணாம்."

"சரிம்மா."

கல்யாணமான நாளிலிருந்து கேட்காத வார்த்தை. அவளுக்குக் காதெல்லாம் இனித்தது. டிப்போவிலிருந்து நண்பர்கள் வந்து சிரிப்பு மூட்ட ஆரம்பித்ததும், விரட்டாத குறையாக அவர்களை வெளியே அனுப்பினாள்.

மூச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் மூன்று பந்து அடைத்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கொண்டுவந்தாள். "குழாய வாயில வச்சு உள்ள இழுங்க ஐயா, ஊதக் கூடாது. பந்து மேல எழும்பணும். முழிச்சிருக்கிற நேரமெல்லாம் அப்பப்ப செய்யணும்" என்றாள். கண்டக்டர் இழுத்தார். ஒரு பந்து எழும்புவதற்குள் அவர் முகம் கோணியது. தையற்காரம்மா தலையை நன்றாக ஆட்டி அந்தப் பெண்ணை வழியனுப்பிவிட்டு, டப்பாவைக் கட்டிலோரத்து அலமாரிக்குள் தள்ளினாள். பந்து விளையாடுகிற வயசா இது! நர்ஸ் வந்து வலிக்கிறதா என்று கேட்டபோது கண்டக்டர் இல்லையென்று தலையசைத்தார். மரக்கட்டையாகக் கிடப்பவருக்கு எங்கே வலிக்கும்?

மறுநாள் காலையில் அவர் உடம்பு கொதித்தது. அவசர ஆர்டருக்கு ஓடுகிற தையல் மிஷின் மாதிரி மூச்சு குட்டிக் குட்டியாக ஓடியது. நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நுரையீரலோட அடிப்பகுதி சுருங்கி மூடிக்கிட்டிருக்கு."

"நுரையீரலா? கத்தி வச்சது வயித்துலதானே?" தையற்காரம்மா வயிற்றுக் கட்டைக் காட்டினாள்.

"வயிறு வலிக்குமேன்னு மூச்ச மேலோட்டமா விட்டுருக்காரு. காத்துப் போகாத எடம் ஒட்டிக்கும், சளி தேங்கும், காய்ச்சல் வரும். ஆழமா மூச்சு இழுக்கணும், இருமணும், நடக்கணும். சாயங்காலத்துக்குள்ள தேறலேன்னா தீவிர சிகிச்சைக்கு மாத்த வேண்டியிருக்கும். மெஷின்தான் மூச்சு விடும். யாரு இவர இருமக் கூடாதுன்னு சொன்னது?"

அவள் பார்வை டப்பா இருந்த அலமாரிப் பக்கம் போனது.

"நான்தான் சார்," என்றார் கண்டக்டர், இரண்டு மூச்சுக்கு நடுவே. "பயந்துகிட்டு இருமல."

டாக்டர் வலிக்கு ஊசி எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். அவள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எதுக்குங்க பொய் சொன்னீங்க? ஒரு நாளாவது நான் சொன்னதக் கேட்டிருக்கீங்களா? இதுல போயி கேக்கணுமா?"

"ஆபரேஷனுக்குத் தள்ளிட்டுப் போறப்ப... வாசல்ல நீ நின்ன கோலத்தப் பாத்தேன்," என்றார் அவர். "பொழச்சு வந்தா இவ சொல்றதக் கேக்கணும்னு... நெனச்சேன்."

தையற்காரம்மா அழுதேவிட்டாள். நான்தானே இவரை மூச்சுவிடாமல் அடக்கி வைத்தேன் என்று அவளுக்கு நெஞ்சு வெந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்து டப்பாவை எடுத்தாள்.

ஊசி போட்டு வலி சற்று அடங்கியதும் மூச்சுப் பயிற்சிப் பெண் வந்து அவரை நிமிர்த்தி உட்காரவைத்தாள். தையற்காரம்மா மனதைத் திறந்து கேட்டாள். "கண்ணு, இருமினா தையல் பிரிஞ்சிடாதா?"

"வெளிய தெரியறது தோல் தையல்தாம்மா. உள்ள கெட்டியான நூல்ல தனியா தைச்சிருக்காங்க. தாங்குறது அதுதான்."

மேல்துணிக்கு ஒரு தையல், உள்துணிக்கு ஒரு தையல்! இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இத்தனை வினை வந்திருக்குமா?

"இத நேத்தே சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலையேம்மா. நல்லாத் தலைய ஆட்டுனீங்க."

அந்தப் பெண் ஒரு தலையணையைக் கண்டக்டரின் வயிற்றின்மேல் வைத்தாள். மிஷினில் துணி நகராமல் தையலின் இருபுறமும் கை வைக்கிற பழக்கத்தில் தையற்காரம்மா அதை அழுத்திப் பிடித்தாள்.

"இருமுங்க."

அவர் தொண்டையோடு சின்னதாகச் செருமினார். கண்ணில் பயம்.

"நல்லா இருமுங்கன்னா!"

"நேத்து இருமாதேங்கற... இன்னைக்கு இருமுங்கற. ரூட்ட மாத்திக்கிட்டே இருந்தா... பஸ்சு எங்கதான்டி போகும்?"

அழுகையும் சிரிப்புமாக அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அவள் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார், சிரிப்பு இருமலாக மாறியது, அடிவயிற்றிலிருந்து கட்டிலே குலுங்க இருமினார். கொழகொழவென்று சளி வந்து விழுந்தது. தையற்காரம்மா தலையணையை விடவில்லை. உள்ளே எதுவும் பிரியவில்லை என்பதை அவள் கையே சொன்னது.

அன்று பகல் முழுக்க அவள் அவரை விடவில்லை. இழுங்க, பிடிச்சு வையுங்க, விடுங்க, இருமுங்க. இடையிடையே நாற்காலியில் உட்காரவைத்தாள், கட்டிலைச் சுற்றி நடத்தினாள். ஒரு பந்து, பிறகு இரண்டு. மூன்றாவது மட்டும் கீழேயே உட்கார்ந்து அடம்பிடித்தது. சாயங்காலம் டாக்டர் வந்து அவர் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். "காத்துப் போகுது. வார்டுலயே இருக்கட்டும்," என்றார்.

மறுநாள் அவரை நடைவழியில் நடக்கவிட்டார்கள். ஒரு கை சுவரில், ஒரு கை வயிற்றில். பாதி தூரத்திலேயே அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"ஏங்க, போதும், திரும்பி வந்து படுங்க!"

"ரைட், ரைட்!" என்று அவர் குரல் கொடுத்துக்கொண்டே கடைசிவரை போனார். சொன்ன பேச்சைக் கேட்காத அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.