தொண்ணூற்றாறு கிலோவும் ஒற்றை மூங்கிலும்

மாதேஸ்வரன் விழுந்தது ஏணியின் மூன்றாவது படியிலிருந்து. முப்பதாவது படியிலிருந்து விழுந்திருந்தால் ஊர் அழுதிருக்கும். மூன்றாவது படி என்பதால் சிரித்தது.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருசத்துத் தை மாதம் அது. மலைமேல் அரியூர் நாடு என்கிற பகுதியில் மிளகு பழுத்து நின்றது. மலையில் மிளகுக்கொடியைச் சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிடுவார்கள். மரம் நாற்பது அடி போனால் கொடியும் பின்னாலேயே நாற்பது அடி போகும். பறிக்க ஏறும் ஏணி கடையில் வாங்குகிற ஏணி இல்லை. நெடுநெடுவென்று வளர்ந்த ஒற்றை மூங்கில். கணுவுக்குக் கணு கிளையை ஒரு சாண் விட்டு வெட்டியிருப்பார்கள். அந்தச் சாண் கட்டையில் பெருவிரலை ஊன்றி மேலே போக வேண்டும். ஒல்லிக்காரனுக்கு அது ராஜபாட்டை. மாதேஸ்வரன் கால் வைத்ததும் மூன்றாவது கணுவில் படாரென்று பிளந்துகொண்டது.

அவன் பிறவியிலேயே தடியன் இல்லை. அந்தத் தோட்டத்தில் இருக்கிற நாற்பது மரத்தையும் நட்டவன் அவன்தான், கொடி ஏற்றியவனும் அவன்தான். முதல் பத்து வருசம் பறித்தவனும் அவனே. அப்புறம் பக்கத்தில் சோளக்காடு என்கிற ஊரில் டீக்கடை போட்டான். உட்கார்ந்த இடத்தில் பத்து வருசம். போண்டா பதமாக வெந்திருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் ஈட்டுக்கு இரண்டை வாயில் போட்டுக்கொள்வான். நாளைக்கு ஆறு ஈடு. மிச்சத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கூலிக்கு ஆள் ஏறிக்கொண்டிருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. ஏறுகிற ஆட்கள் ஒவ்வொருத்தராகத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். ஆள் கிடைக்காத வருசம் அவன் பெண்டாட்டி அம்சவேணி, மகனுடைய பழைய கால்சட்டையை மாட்டிக்கொண்டு தானே ஏறினாள். நன்றாகவே ஏறினாள். ஆனால் இந்தத் தையில், பனி ஈரத்தில், முப்பது அடி உயரத்தில் அவளுக்குக் கால் வழுக்கியது. மரத்தைக் கட்டிப் பிடித்துத் தொங்கி, கையெல்லாம் சிராய்த்துக்கொண்டு இறங்கினாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் மாதேஸ்வரன் வீறாப்பாக ஏணியில் கால் வைத்தான். அப்புறம் நடந்ததைத்தான் சொன்னேனே.

பக்கத்துத் தோட்டத்து அப்பாசாமி வரப்பில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். மச்சான் உட்கார்ந்த இடத்தில் கிணறு வெட்டினால் தண்ணீர் வரும் என்றான். அவனுக்கு அந்த நாற்பது மரத்தின் மேல் ரொம்ப நாளாக ஒரு கண்.

அன்றைக்குச் சாயங்காலம் அம்சவேணி கைக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"ஏனுங்க, நாப்பது மரம் நான் ஒருத்தி ஏறி மாளாது. பாதிப் பழத்தைக் குருவி தின்னுது. அடுத்த தையில நீங்க ஏறுங்க. ஏற முடியலைன்னா அப்பாசாமி அண்ணனுக்குக் குத்தகைக்கு விட்டுருவோம். வேற பேச்சு வேண்டாம்."

நட்டவன் கீழே நிற்க அப்பாசாமி மேலே ஏறிப் பறிப்பதா. மாதேஸ்வரனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அதாவது, வழக்கத்தில் பாதிதான் இறங்கியது.

மலையடிவாரத்தில் சேந்தமங்கலத்தில் அப்துல் சலாம் என்று ஒரு மிளகு வியாபாரி. மாதேஸ்வரன் இருபது வருசமாக மிளகு போடுவது அவரிடம்தான். அவர் மகன் ஜுபைர் சேலத்தில் படிக்கப்போன இடத்தில் பளுதூக்கக் கற்றுக்கொண்டு வந்து, அப்பாவின் குடோனில் பாதியை மறித்து இரும்புத் தண்டும் வட்டும் வாங்கிப் போட்டிருந்தான். காலையும் மாலையும் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து தூக்கினார்கள். மாதேஸ்வரன் பங்குனியில் ஒருநாள் பஸ் ஏறி, எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அவன் முன்னால் போய் நின்றான். ஏணியில் ஏற வேண்டும், பத்து மாசம் இருக்கிறது என்று மட்டும் சொன்னான்.

ஜுபைர் அவனை மூட்டை நிறுக்கிற தராசில் ஏறச் சொன்னான். மாதேஸ்வரனுக்கு அந்தத் தராசை நன்றாகத் தெரியும். வருசா வருசம் தன் மிளகைத் தின்கிற தராசு அதுதான் என்பது அவன் எண்ணம். மலையில் ஐம்பது கிலோ கட்டிய மூட்டை அதில் நாற்பத்தெட்டரைதான் காட்டும். ஈரம் காய்ந்திருக்கும் என்பார் அப்துல் சலாம். நாற்பது வயசுக்குள் அவன் தெரிந்துகொண்டது ஒன்று உண்டென்றால், கீழ்நாட்டுக்காரன் தராசை நம்பக்கூடாது என்பதுதான். ஏறி நின்றான். தொண்ணூற்றாறு காட்டியது. மலைக்காரன் சரக்கைக் கூட்டிக் காட்டுகிற தராசை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினான்.

ஜுபைர் சுருக்கமாகச் சொன்னான். கொழுப்புக் கரைய வேண்டும், ஆனால் சதை கரையக்கூடாது. சும்மா பட்டினி கிடந்தால் இரண்டும் சேர்ந்து போய்விடும். ஏணி தாங்கும், ஏற வலு இருக்காது. அதனால் வாரம் மூன்று நாள் இரும்பு தூக்க வேண்டும். போண்டாவை நிறுத்த வேண்டும். சோற்றைப் பாதிக்கும் கீழே குறைக்க வேண்டும்.

மாதேஸ்வரன் ரோசக்காரன். பாதி என்ன பாதி, சோற்றையே விட்டான். கடையில் போண்டா போடுகிற வேலையை ஒரு மாஸ்டரிடம் விட்டுவிட்டு எண்ணெய்ச் சட்டி பக்கமே போகவில்லை. திங்கள், புதன், வெள்ளி முதல் பஸ்ஸில் இறங்கினான். முதல் நாள் வெறும் தண்டைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்தான். மறுநாள் கடைத் திண்டில் உட்காரக் கால் மடங்காமல் நின்றுகொண்டே டீ ஆற்றினான். இரண்டாவது மாசம் தண்டில் இந்தப்பக்கம் பத்து, அந்தப்பக்கம் பத்து. மூன்றாவது மாசம் தரையில் கிடக்கிற எண்பது கிலோவை முதுகு வளையாமல் இடுப்புக்குத் தூக்கினான். உத்தரத்துக் கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுக்கிறதுதான் வரவில்லை. தொங்குவான், கால் உதறுவான், இறங்குவான்.

ஆனி கடைசியில் ஜுபைர் மறுபடி தராசில் நிற்கச் சொன்னான். தொண்ணூற்றெட்டு.

ஜுபைருக்கு முகம் மாறிவிட்டது. ஏனுங்க, என்னை ஏமாத்தறதா நினைச்சு உங்களையே ஏமாத்திக்கறீங்க என்றான். ஒளிந்து தின்கிறான் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். மாதேஸ்வரனும் ஒரு முடிவு கட்டினான். தராசு பொய். நேராகப் போய் பஸ் ஏறினான்.

அடுத்த புதன்கிழமை அவன் வந்தபோது இரண்டு கையிலும் இரண்டு எடைக்கல் இருந்தன. சோளக்காட்டுக் கூட்டுறவுச் சங்கத்துக் கடையில் கெஞ்சி வாங்கிய இருபது கிலோக் கல், அரசாங்க முத்திரை குத்தியது. கண்டக்டர் என்ன அண்ணே மலையையே பேர்த்துக்கொண்டு போறீங்களா என்றான். பஸ் ஸ்டாண்டிலிருந்து குடோன் வரைக்கும் எங்கேயும் இறக்கி வைக்காமல் நடந்து வந்து, இரண்டையும் தராசில் வைத்தான்.

நாற்பது காட்டியது. ஒன்றை எடுத்தான். இருபது. அடுத்ததை மாற்றி வைத்தான். இருபது. ஒரு குன்றிமணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அப்துல் சலாம் மேசையிலிருந்து எழுந்து வந்து நின்றார். அவருக்கு விசயம் புரிந்துவிட்டது. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் மாதேஸ்வரனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"இருவது வருசமா இந்தத் தராசுல மொளகு போடறீங்க. சந்தேகமா இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கல்லு எடுத்து வெச்சிருப்பேனுங்களே."

மாதேஸ்வரன் தரையைப் பார்த்தான். தப்புதானுங்க என்றான். அந்த ஒற்றை வார்த்தை வருவதற்கு எண்பது கிலோ தூக்குவதைவிட நேரம் ஆனது. அதுவரை அவன் அதை யாரிடமும் வாயால் சொன்னதில்லை.

ஜுபைர் கோபத்தில் இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு இருக்கவில்லை. நாற்பது கிலோவைக் கையில் தொங்கவிட்டு இவ்வளவு தூரம் நடந்தவனுக்கு மூச்சு வாங்கவில்லை. பங்குனியில் இதே ஆள் குடோன் வாசற்படி ஏறியதற்கே உஸ் என்று உட்கார்ந்தான். வலு வந்திருக்கிறது. அப்படியானால் இரும்பு தன் வேலையைச் செய்திருக்கிறது, வயிற்றில்தான் ஏதோ தப்பு. உட்கார வைத்து, நேற்று விடிந்ததிலிருந்து வாயில் போட்டது ஒவ்வொன்றையும் சொல்லச் சொன்னான்.

மாதேஸ்வரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான். காலையில் ராகிக் களி மூன்று உருண்டை. பத்து மணிக்குப் பலாச்சுளை, எண்ணவில்லை, அரைப் பழம் இருக்கும். மத்தியானம் அவித்த மரவள்ளிக் குச்சிக்கிழங்கு ஒரு முறம், கருவாட்டுக் குழம்பு ஊற்றி. சாயங்காலம் மிச்சக் கிழங்கைத் தாளித்து. ராத்திரி மறுபடி களி, பசி அதிகம் என்பதால் நாலு உருண்டை.

"சோறு மட்டும் மூணு மாசமா கையில தொடலீங்க. எங்க கருப்பன் மேல சத்தியம்."

அந்த நேரம் டீ கொண்டுவந்த ஜுபைரின் அம்மா ஜொஹ்ரா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள்தான் முதலில் சிரித்தது.

"டேய், மலைக்காரங்களுக்கு அரிசி வெந்தாத்தான்டா அதுக்குப் பேரு சோறு. களி களிதான். கெழங்கு கெழங்குதான். நீ சோத்த விடச் சொன்னே, அவரு விட்டுட்டாரு. மனுசன் மேல என்ன தப்பு?"

ஜுபைர் நெற்றியில் அடித்துக்கொண்டான். கீழ்நாட்டுப் பையன் வாயில் சோறு என்றால் வயிற்றை நிரப்புகிற எல்லாமே சோறு. மலையில் பண்டிகைக்கும் விருந்துக்கும் வடிக்கிற நெல்லுச் சோறு மட்டும்தான் சோறு. மாதேஸ்வரன் வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் அதுவே பொங்கும். அந்த இரண்டு நாளையும் விட்டுவிட்டு, விட்ட பசிக்கு வட்டியும் முதலுமாகக் கிழங்கைத் தின்றிருக்கிறான்.

தவறு தன்னுடையது என்று ஜுபைர் ஒத்துக்கொண்டான். இந்த முறை பேர் சொல்லாமல் அளவு சொன்னான். மாவுச்சத்து உள்ளது எதுவானாலும், களியோ கிழங்கோ சாமையோ, வேளைக்கு ஒரு கைப்பிடி. பலா இரண்டு சுளை. தட்டில் மிச்ச இடத்துக்குக் கீரை, அவரை, பீர்க்கங்காய். தினம் நாலு முட்டை, அவித்த கொள்ளு ஒரு கிண்ணம், நாட்டுக்கோழியோ மீனோ கிடைத்த நாளில் குழம்பைத் தள்ளிவிட்டுக் கறியாகத் தின்ன வேண்டும். டீயில் சர்க்கரை கூடாது. டீக்கடைக்காரன் அந்தக் கடைசி ஒன்றுக்குத்தான் முகம் சுளித்தான்.

அதற்கப்புறம் உடம்பு கேட்க ஆரம்பித்தது. ஆடியில் தொண்ணூற்றிரண்டு. புரட்டாசியில் எண்பத்தாறு. இப்போது அவன் தராசில் ஏறும்போது கல் கொண்டுவரவில்லை. பெல்ட்டில் ஆணி வைத்து இரண்டு ஓட்டை போட்டான். கார்த்திகையில் சட்டை தோளில் இறுகி வயிற்றில் தொளதொளத்தது. சோளக்காட்டில் அவனுக்குச் சர்க்கரை வியாதி என்று பேச்சு கிளம்பியது. இல்லை, ரத்தம் கெட்டுவிட்டது என்றான் அப்பாசாமி. வியாதிக்காரனுக்குத் தோட்டம் எதற்கு என்று குத்தகைப் பேச்சை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான். அம்சவேணி அவனுக்கு மோர் கொடுத்து, தை பிறக்கட்டும் அண்ணா என்று அனுப்பினாள். மார்கழியில் மாதேஸ்வரன் உத்தரத்துக் கம்பியில் தொங்கி, தாடை கம்பிக்கு மேலே போகிற வரைக்கும் உடம்பை இழுத்தான். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது பாதியில் நின்றது. ஜுபைர் போதும் இறங்குங்க என்றதற்குக் கேட்காமல் அதையும் முடித்துவிட்டுத்தான் இறங்கினான். அன்றைக்கு எழுபத்தேழு கிலோ.

தை மூன்றாம் வாரம் பறிப்பு. மாதேஸ்வரன் தானே மூங்கில் தேடி, பழுத்த கழியாகப் பார்த்து வெட்டிச் சீவியிருந்தான். வெயில் ஏறி மரத்தில் ஈரம் காய்கிறவரை பொறுத்தான். அப்பாசாமி வரப்புக்கு வந்துவிட்டான், கூட நாலைந்து பேர். அம்சவேணி ஏணியின் அடியை மிதித்துப் பிடித்தாள். கயிற்றை எடுத்து அவன் இடுப்பில் சாக்கைக் கட்டிவிட்டாள்.

மூன்றாவது கணுவில் மூங்கில் முனகியது. கீழே யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். மாதேஸ்வரன் நிற்கவில்லை. கை பிடித்து இழுத்தது, தொடை தள்ளியது, உடம்பு பின்னாலேயே வந்தது. பத்து அடி, இருபது அடி. இருபத்தைந்தில் மூங்கில் வளைந்தது. அவன் மரத்தோடு ஒட்டி, இடது கையைச் சுற்றிப் போட்டு, வலது கையால் முதல் கொத்தைப் பறித்தான். உச்சிக்குப் போய் அங்கிருந்து கீழே பறித்துக்கொண்டே வந்தான். சாக்கு நிறைந்தது. இறங்கி, சாக்கைக் கொட்டி, அடுத்த மரத்துக்கு ஏணியை ஒற்றை ஆளாகத் தூக்கி மாற்றிச் சாத்தினான். மத்தியானத்துக்குள் ஐந்து மரம் முடிந்தது. வரப்பில் அப்போது யாரும் இல்லை.

கொள்ளுக் கிண்ணத்தோடு நிழலில் உட்கார்ந்தவன், குத்தகைப் பேச்சு இனி இல்லையே என்று பெண்டாட்டியிடம் கேட்டான். இல்லை என்றாள். அப்படியானால் நாளையிலிருந்து நீ கீழேயே இரு, நாற்பதையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

அம்சவேணி எழுந்து தோட்டத்து மூலைக்குப் போனாள். திரும்பி வரும்போது தோளில் இன்னொரு மூங்கில் ஏணி இருந்தது. புதுசு. இவனுடையதைவிட மெலிசு.

"ஓடை பக்கம் இருவது மரம் உங்களுது. இந்தப்பக்கம் இருவது என்னுது" என்றாள். "அந்த மூணாவது மரத்துல மேக்கால பக்கத்துக் கொத்தைப் பறிக்காம விட்டுட்டு எறங்கிட்டீங்க. தின்னுட்டு முதல்ல அதைப் போய் எடுங்க."