கம்பிக்கதவுக்கு இந்தப் பக்கம்

தெருக்கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு சுலோசனா வந்து நின்று பார்த்தாள். திருகாணிகள் துருவேறி இறுகிப்போயிருந்தன. ஒன்றைச் சுத்தியலால் தட்டி நெம்ப வேண்டியிருந்தது.

"இன்னாண்ணா, புதுத் தாப்பாளா?"

"இல்லம்மா. தாப்பாளே வேணாம்னுதான்."

"அப்ப தெருநாய்ங்களுக்கெல்லாம் இனிமே உங்க வூட்டுலதான் விருந்து" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தவள் அப்படியே வாயை மூடிக்கொண்டாள். என் மகள் மங்கை சுவரோரம் நின்றபடி சோறு தின்றுகொண்டிருந்தாள். உட்கார்ந்து சாப்பிடம்மா என்றால் உட்காருவாள். நாங்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் எழுந்து நின்றுகொள்வாள்.

அலர்மேல்மங்கை என்று அவளுக்குப் பெயர் வைத்தது என் மனைவி செல்லியம்மா. திருச்சானூர் தாயாரின் பெயர். நாராயணவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் மாங்காய் மண்டியில் லோடு ஏற்றி இறக்குகிறவன். மங்கை கல்ஃப் நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். முதலில் வெள்ளிக்கிழமை தோறும் போன் வந்துகொண்டிருந்தது. பிறகு நின்றுவிட்டது. இரண்டு மாங்காய் சீசன் போனது. அவள் உயிரோடு இருக்கிறாளா என்று கேட்பதற்குக்கூட எங்களுக்கு ஒரு ஆள் இல்லை. அந்த வீட்டுக்காரி போனையும் பாஸ்போர்ட்டையும் பிடுங்கி வைத்துக்கொண்டு, வேலை இல்லாத நேரமெல்லாம் இவளைச் சமையலறைக்குப் பின்னால் சாமான் போடும் அறையில் பூட்டி வைத்திருக்கிறாள். இதையெல்லாம், அவளை மீட்டு ஊருக்கு அனுப்பியவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். மங்கை எதுவும் சொன்னதில்லை.

வந்த புதிதில் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று நினைத்தோம். உடம்பில் காயம் எதுவும் இல்லை. லோடு இறக்கும்போது அடிபட்ட காய் அன்றைக்கே தெரியாது. அடுக்கி வைத்த பிறகு உள்ளே கருத்துக்கொண்டு வரும். அப்படி ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் குடிப்பாள். கதவைச் சாத்தினால் வாசற்படியருகே குந்திக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். குளியலறைக் கதவைக் கழற்றிவிட்டு செல்லியம்மா தன் பழைய சேலையை அங்கே கட்டினாள். ஒருநாள் பாயைச் சுருட்டும்போது அடியில் காய்ந்துபோன சப்பாத்திகள் இருந்தன. செல்லியம்மா அவற்றைப் பார்த்தாள். எடுக்காமல் பாயை மறுபடியும் விரித்துவிட்டாள்.

எல்லாவற்றையும்விட எங்களைப் பயமுறுத்தியது அவளுடைய 'சரி'தான். குளிக்கிறியா, சரி. தூங்கறியா, சரி. செல்லியம்மா ஒருமுறை சோதிப்பதற்காக உப்பே போடாத குழம்பை ஊற்றி, இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா என்று கேட்டாள். அதற்கும் சரி. போவதற்கு முன்பு இந்தப் பெண்ணின் வாய்க்குத் தெருவே பயப்படும். கத்தரிக்காய் குழம்பு என்றால் தட்டைத் தள்ளிவிட்டுப் போவாள்.

"ஒரே ஒரு தபா மாட்டேன்னு சொல்லட்டும்யா. தட்டத் தூக்கி என் மூஞ்சியில அடிச்சாக்கூடப் பரவால்ல" என்றாள் செல்லியம்மா.

அவளுக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. மகள் உயிரோடு வந்தால் மூன்று பேரும் அடிவாரத்து அலிபிரியிலிருந்து நடந்தே மலையேறி, படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்து, டிக்கெட் எதுவும் வாங்காமல் தர்ம தரிசன வரிசையில் நின்று பெருமாளைப் பார்ப்பது. அதை முடிக்காததால்தான் பெண் இப்படி இருக்கிறாள் என்று அவள் நம்பினாள். வேண்டிக்கொண்டதைச் செய்யாவிட்டால் கொடுத்ததை அவர் திருப்பி வாங்கிக்கொள்வார் என்றும் பயந்தாள். மலைக்குப் போகலாமா என்று மங்கையிடம் கேட்டோம். சரி என்றாள். அந்தச் சரியை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

இருள் பிரியும்போது ஏற ஆரம்பித்தோம். செல்லியம்மா ஒவ்வொரு படியாகக் குனிந்து மஞ்சளைத் தொட்டு வைக்க, அதன்மேல் மங்கை குங்குமம் வைத்தாள். சிறுத்தை நடமாடும் இடம், கூட்டமாகப் போகவும் என்று ஒரு பலகை. வயதான பிறகு எழுத்துப் படித்தவன் நான். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் இருவரும் பத்துப் படி முன்னால் போயிருந்தார்கள். மங்கை திரும்பி நின்று எனக்காகக் காத்திருந்தாள். நெற்றியில் வேர்வை, விரல் நுனியில் சிவப்பு. அவளைப் பார்க்கப் பழைய மங்கை மாதிரியே இருந்தது.

கீழே சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும், தர்ம தரிசனம் என்றால் கம்பார்ட்மென்டில் உட்கார வேண்டும் என்று. நீளமான கூடம், படிக்கட்டு மாதிரி உட்காரும் இடம், மேலே மின்விசிறி. ஆட்கள் நிரம்பியதும் பின்னால் கம்பிக்கதவைச் சாத்திப் பூட்டுவார்கள். முறை வந்ததும் முன்பக்கக் கதவைத் திறந்து சன்னதிக்கு விடுவார்கள். நான் எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன். கூட்டம் நெரியாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. வீட்டுத் தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்த எனக்கும், சேலையைக் கதவாகத் தொங்கவிட்ட அவளுக்கும் இது ஒருமுறைகூட மனதில் வரவில்லை. கோயிலை நாங்கள் கோயிலாகவே நினைத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

நாங்கள் உட்கார்ந்த கூடம் நிரம்பியதும் பின்னால் சங்கிலி உரசியது. பூட்டு விழும் சத்தம் கேட்டது.

மங்கை கத்தவில்லை, அழவில்லை. எழுந்து துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரத்துக்கு முன்பு பால் கொடுத்திருந்தார்கள். காலி டம்ளர்களை எல்லோரும் காலடியில் வைத்திருந்தார்கள். அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள். ஒரு குழந்தை பாலைக் கொட்டியிருந்த இடத்தில் மண்டிபோட்டு, துப்பட்டா முனையால் தரையைத் துடைத்தாள்.

"மஞ்சி பில்ல" என்றாள் பக்கத்திலிருந்த நாயுடுபேட்டைக்கார அம்மாள். நல்ல பெண் என்று. "உங்க பொண்ணா? சேவை செய்யறதுக்கும் குடுத்து வச்சிருக்கணும்மா." அவளும் தன் டம்ளரை நீட்டினாள்.

செல்லியம்மாவுக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பெண்ணுக்குப் பக்தி வந்துவிட்டது என்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அந்த அம்மாளிடம் டம்ளரை வாங்கும்போது மங்கை இரண்டு கையாலும் வாங்கி, தலையைக் குனிந்து, "சரி மேடம்" என்றாள். எங்கள் ஊரில் யாரும் யாரையும் மேடம் என்று கூப்பிட மாட்டார்கள். செல்லியம்மாவின் முகம் மாறிவிட்டது.

"மங்கை, வந்து குந்தும்மா" என்றேன்.

"சரி நைனா. ஆயிடுச்சி நைனா. இதோ ஆயிடுச்சி" என்று இன்னும் வேகமாகத் துடைத்தாள். அங்கே துடைக்க எதுவும் இல்லை. கண் எங்கள் மேல் இல்லை, கம்பிக்கதவின் மேலும் இல்லை. தரையைத் தவிர அவள் எதையும் பார்க்கவில்லை. அந்த அறையில் அவள் எப்படி இருந்தாள் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. இப்போது கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்தோம்.

செல்லியம்மா போய் அவளருகே தரையில் உட்கார்ந்தாள். கையிலிருந்த டம்ளர்களை வாங்கி ஒதுக்கி வைத்தாள். "வெளிய போயிடலாமாம்மா?"

"சரி."

"அப்டி இல்லடி. உனுக்கு இன்னா வேணும்?"

"நீ சொன்னா சரிம்மா."

அந்த நேரம் பார்த்து முன்கதவு திறந்தது. கோவிந்தா என்று கூடமே எழுந்தது. எங்களைத் தாண்டி ஜனங்கள் ஓடினார்கள். உள்ளே போனால் இன்னும் கொஞ்ச நேரத்தில் தரிசனம், வேண்டுதல் முடிந்தது. செல்லியம்மாவின் உடம்பு தானாகவே அந்தப் பக்கம் சாய்ந்ததை நான் பார்த்தேன். ஒரு கை முழங்காலை ஊன்றியது. இன்னொரு கை மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. பிறகு அந்தக் கையை விட்டுவிட்டாள். விட்டுவிட்டு எழாமலே உட்கார்ந்திருந்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றாள். "நீ சொல்லு. எவ்ளோ நேரம் ஆனாலும் இங்கியே குந்திக்கினு கீறேன்."

கூடம் காலியாகிக்கொண்டிருந்தது. மங்கை அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உதடு அசைந்து நின்றது. மறுபடி அசைந்தது.

"எனுக்கு வேணாம்மா."

காதில் விழுந்தும் விழாத மாதிரி ஒரு சத்தம். சொன்னவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள், அடி விழப்போகிறது என்பதைப் போல.

ஆரஞ்சுத் துண்டு போட்ட சேவகி ஒருத்தி வந்து, "ஏமம்மா, தர்சனம் வத்தா?" என்றாள். தரிசனம் வேண்டாமா என்று அவளுக்கு ஆச்சரியம்.

"மா பில்லக்கி வத்தண்ட" என்றாள் செல்லியம்மா. எங்கள் பெண்ணுக்கு வேண்டாமாம். 'வத்தண்ட' என்பதை மட்டும் நிறுத்தி, அழுத்தமாகச் சொன்னாள். சேவகி எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பின்கதவின் பூட்டைத் திறக்கச் சொல்லி எங்களை வெளியே விட்டாள்.

வெயில் சாய்கிற நேரத்தில் இறங்க ஆரம்பித்தோம். செல்லியம்மா இறங்குகிறவர்களுக்கு வழி விட்டு ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி நடந்தாள்.

"அவரு கோச்சுக்குவாராய்யா?"

"எவ்ளோ காலமா நின்ன எடத்துலயே நின்னுக்கினு கீறாரு. அவருக்குத் தெரியாதா?"

"போய்யா, உனுக்கு எல்லாமே வெளாட்டு" என்றாள். பயம் போகவில்லை அவளுக்கு. எனக்கும்தான். வேண்டாம் என்று ஒரு முறை சொல்லிவிட்டாள், நாளைக்குச் சொல்வாளா தெரியாது. திரும்பி வந்தவள் முழுதாக வந்தாளா, பாதியை அங்கேயே பூட்டி வைத்துவிட்டார்களா, அதுவும் தெரியாது.

பேசிக்கொண்டே வந்ததில் கவனிக்கவில்லை. மங்கை முன்னால் போயிருந்தாள். வந்த நாளிலிருந்து எங்களைக் கேட்காமல் ஓரடி எடுத்து வைத்தவள் இல்லை. இப்போது கையை வீசிக்கொண்டு, ஓடாமலும் நிற்காமலும் இறங்கிக்கொண்டிருந்தாள். படி வளைகிற இடத்தில் மஞ்சள் துப்பட்டா ஒருமுறை தெரிந்தது. பிறகு மரங்கள்தான். சிறுத்தைப் பலகை அந்தப் பக்கம்தான் எங்கேயோ இருந்தது.

கூப்பிட வாயெடுத்தேன். செல்லியம்மா என் கையை அழுத்திப் பிடித்தாள். அவள் விரல்களில் இன்னும் மஞ்சள் இருந்தது. ஏறும்போது படிகளின் முகத்தில் வைத்த பொட்டுகள் இறங்கும்போது கண்ணுக்குத் தெரியவில்லை. வெறும் கல்தான் தெரிந்தது. அந்த வளைவையே பார்த்துக்கொண்டு நின்றோம். கீழேயிருந்து யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது, அவளா வேறு யாராவதா தெரியவில்லை.