பதில் வராமல் போட்ட ஸ்விட்ச்

லிஃப்ட் வேலையில் ஒரு சட்டம் உண்டு. கீழே குழிக்குள் ஒருவர் இறங்கியிருந்தால், மேலே மெஷின் அறையில் இருப்பவன் வயர்லெஸ்ஸில் "போடவா?" என்று கேட்க வேண்டும். "போடு" என்று பதில் வந்த பிறகுதான் ஸ்விட்சில் கை வைக்க வேண்டும். பதில் வரவில்லையா, நாள் முழுக்க ஆனாலும் காத்துக் கிடக்க வேண்டியதுதான். பதினாறு வருஷமாக இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவனுக்கு இதை யார் சொல்லித்தர வேண்டும்? ஆனால் அன்று காலையிலேயே இவன் வயிற்றுக்குள் அரை பாட்டில் சரக்கு இறங்கியிருந்தது. "போடவா?" என்று கேட்டான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. போட்டுவிட்டான்.

கீழே கப்பியைத் துடைத்துக்கொண்டிருந்த மச்சானின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

மச்சான் என்றால் கூடப்பிறந்த அக்காளின் புருஷன். இவனைத் தொழிலுக்குக் கூட்டிவந்தவரே அவர்தான். அந்த மனிதர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "கையை எடுக்காம நான்தான் போடுன்னு சொல்லிட்டேன்" என்று கம்பெனிக்காரர்களிடம் சாதித்துவிட்டார். உன் தப்புக்கு நாங்கள் என்ன செய்வது என்று அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவர்கள் போனதும் இவன் காதோடு சொன்னார்: "மாப்ளே, நீ குடியை விட்டுடு. எனக்கு அது போதும்."

விட்டானா? விடவில்லை, பாவி. செய்ததை மறக்க முன்னைவிடக் கூடக் குடித்தான். உப்புப் போட்டுச் சாப்பிடுகிறவன் செய்கிற காரியமா இது?

அதைவிடக் கொடுமை அக்காளின் வாய். ஞாயிற்றுக்கிழமைதோறும் இவன் அவர்கள் வீட்டுக்குப் போகும்போது, இவன் எதிரிலேயே புருஷனைப் பிடி பிடி என்று பிடிப்பாள். "கையை உள்ள வெச்சுக்கிட்டே எவனாவது போடுன்னு சொல்லுவானா? புத்தி எங்க மேயப் போச்சு?" மச்சான் இடது கையால் டீயை எடுத்து உறிஞ்சியபடி, "விடு, என் நேரம்" என்பார். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான் இவனுக்கு. கத்தவும் முடியாது, தடவிக்கொள்ளவும் முடியாது.

ஏழு மாதம் இப்படியே ஓடியது. போன ஞாயிறு அவள் இன்னும் ஒன்று சொன்னாள். "என் தம்பி மாதிரி உங்களுக்கும் கொஞ்சம் பொறுப்பு இருந்திருந்தா நமக்கு இந்தக் கதி வருமா?" அதற்கும் மச்சான் சிரித்தார். இவனுக்கு நாண்டுகொண்டு சாகலாம்போல இருந்தது. மறுநாள் கை நடுக்கத்துக்கு மருந்து கேட்டு கிளினிக்குக்குப் போனான். நர்ஸ் இவன் வாயை மோந்து பார்த்துவிட்டு ஒரு துண்டுச்சீட்டை நீட்டினாள். நூலக மாடி, சனிக்கிழமை, ஐந்து மணி.

சனிக்கிழமை அந்த நூலகத்தை மூன்று தடவை சுற்றிவந்தான். வாசல் தெரியாமல் இல்லை. தெரிந்தவன் எவனாவது பார்த்துத் தொலைத்தால்? கடைசியில் காவலாளியிடம் போய், "அண்ணே, கம்ப்யூட்டர் வகுப்பு எங்க நடக்குது?" என்றான்.

காவலாளி இவனை மேலும் கீழும் பார்த்தார். "அப்படி ஒண்ணு இங்க இல்லீங்க. குடியை விடுறவங்க கூட்டம்னா மாடியில, கடைசி ரூம். முதல் நாள் எல்லாரும் இப்படித்தான். போன மாசம் ஒருத்தர் தையல் கத்துக்க வந்தேன்னார்."

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகளில் எட்டுப் பேர் இருந்தார்கள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் கூட்டத்தை நடத்தினார். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கே பேசக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது, கேட்டதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்றார்.

இவன் முறை வந்தது. "என் மச்சான் போடுன்னு சொல்லவே இல்லீங்க. நான்தான் போதையில போட்டேன். எனக்காக அவர் பொய் சொன்னாரு."

காறித் துப்புவார்கள் என்று நினைத்தான். "சொன்னதுக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு டிரைவர் பக்கத்து ஆளைப் பார்த்தார். இவனுக்கு நெஞ்சு லேசானது. உடனே அதற்காகவே வெட்கப்பட்டான். சொன்னவனுக்குப் பாரம் இறங்கிவிட்டது, சரி. அங்கே திட்டு வாங்குகிறவருக்கு?

படியில் இறங்கும்போது டிரைவர், "அடுத்த வாரம் வருவீங்களா?" என்றார்.

"வீட்டுல ஒரு விஷயம் சொல்லணும். சொன்ன பிறகு என்ன ஆகுமோ."

"சொன்னாலும் வாங்க. சொல்லாட்டியும் வாங்க."

நேரே அக்காள் வீட்டுக்குப் போனான். இவன் முகத்தைப் பார்த்ததுமே மச்சானுக்குப் புரிந்துவிட்டது. அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, வேண்டாம் என்று தலையாட்டினார். இவன் நிறுத்தவில்லை.

"அக்கா, மச்சான் போடுன்னு சொல்லல. அன்னைக்கு நான் குடிச்சிருந்தேன். பதில் வர்றதுக்கு முன்னாடியே ஸ்விட்சைப் போட்டுட்டேன்."

மடித்துக்கொண்டிருந்த துணி அவள் கையிலேயே நின்றது. இவனைப் பார்க்கவில்லை, புருஷனைத்தான் பார்த்தாள். "ஏழு மாசமா உங்களை என்னென்ன பேசினேன்! ஒரு நாளாவது வாயைத் திறக்கக் கூடாதா?"

"சொன்னா நீ இவனை வீட்டுப் படி ஏற விடமாட்ட. இவன் குடிச்சே செத்துப்போவான்" என்றார் மச்சான்.

அவள் அழுது தீர்க்க வெகுநேரம் ஆனது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு இவன் பக்கம் திரும்பினாள்.

"இப்ப எங்கடா இருந்து வர்ற?"

"குடியை விடுறவங்க கூட்டத்துல இருந்து."

"என்னைக்கு என்னைக்கு நடக்கும்?"

"சனிக்கிழமை."

"திங்கக்கிழமை கம்பெனிக்குப் போய் இதே வார்த்தையைச் சொல்லு. சனிக்கிழமை தவறாம அங்க போ. ஞாயித்துக்கிழமை மட்டும் இங்க வராதே. உன் முகத்தைப் பார்த்துக்கிட்டு இந்த மனுஷனுக்கு என்னால ஒரு வாய் டீ குடுக்க முடியாது."