ஆயிரமாவது வீரருக்கு மூன்று வாய் லட்டு

திருப்பதியில் அந்த மருத்துவமனைக்கு முன்னாள் ராணுவத்தினர் மேல் எவ்வளவு மரியாதை என்பது நாலாவது மாடியில் லிஃப்டை விட்டு இறங்கியதுமே தெரிந்துவிடும். சுவர் முழுக்கப் பனிமலை ஓவியம். அதனடியில் சிமென்டில் செய்த பீரங்கி ஒன்று. அதன் குழாய்க்குள் யாராவது காலி காபிக் கப்புகளைச் செருகி வைத்திருப்பார்கள். வார்டுக்கு 'வீர வாசல்' என்று பெயர். பீரங்கி வந்த பிறகு ஸ்ட்ரெச்சர் நேராகத் திரும்பாது. வீரர்களை முன்னும் பின்னுமாக நாலு தடவை இழுத்துத்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும்.

பிளெஸ்ஸி அங்கே பிசிஷியன் அசிஸ்டென்ட். சித்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். கழுத்தில் தொங்கிய அட்டையில் 'பி.ஏ.' என்று மட்டும் போட்டிருந்ததால், அட்மிஷனுக்கு வருகிற பெரியவர்களில் பாதிப் பேர் அவளை டைரக்டரின் காரியதரிசி என்று எண்ணி பென்ஷன் மனுக்களை நீட்டுவார்கள். உண்மையில் அவள் வேலை, கத்தி படுவதற்கு முன்னால் மனிதரைத் தயார் செய்வது. பல்செட்டு, மோதிரம், அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் கழற்றி வாங்க வேண்டும். எந்தப் பக்கம் அறுவை என்று உடம்பில் மையால் குறியிட வேண்டும். என்ன மாத்திரை விழுங்குகிறார், கடைசியாக வயிற்றுக்குள் என்ன போனது, எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளை நம்பித்தான் மயக்க மருத்துவர் ஊசியைக் கையில் எடுப்பார்.

ராணுவத்தில் இருந்தவர்களிடம் கேள்வி கேட்பதற்கு அவள் தனி வழி வைத்திருந்தாள். "சாப்பிடலையே?" என்று கேட்டால், "இல்லை மேடம்" என்பார்கள். "சாப்பிட்டீங்கதானே?" என்றால், "ஆமா மேடம்." இருபது வருஷம் மேலதிகாரிக்குப் பிடித்த பதிலையே சொல்லிப் பழகிய நாக்கு. அதனால் அவள், "காலையில டிபன் எப்படி இருந்தது?" என்றுதான் ஆரம்பிப்பாள். உப்பு கம்மி என்று ஒருவர் சொல்லிவிட்டால் அன்றைக்கு அவருக்கு ஆபரேஷன் கிடையாது.

ஹவில்தார் பாலசுந்தரத்தை அவள் முதலில் பார்த்தது சித்தூரில், புதன்கிழமைகளில் மருத்துவமனை அவளை அனுப்பிவைக்கும் முன்னாள் ராணுவத்தினர் கிளினிக்கில். குடிபாலாக்காரர். அறுபத்தேழு வயது. பெருங்குடலில் கட்டி; இன்னும் பரவவில்லை, வெட்டி எடுத்தால் பிழைக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவர் இதற்குள் இரண்டு தடவை இரண்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்து, இரண்டு தடவையும் ஆபரேஷன் அன்று காலையில் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டவர். மூன்றாவது தடவை அவரைத் திருப்பதிக்கு வரவழைக்க பிளெஸ்ஸி மூன்று புதன்கிழமை பேச வேண்டியிருந்தது. அவர் மனைவி தாட்சாயணி ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசிப் புதன்கிழமை மட்டும், வெளியே வந்து, "இந்தத் தபா ஓடிட்டாருன்னா அப்புறம் வர மாட்டாரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் ஓடவில்லை. முதல் நாள் முழுக்க வயிற்றைக் கழுவுகிற மருந்தைக் குடித்து, துவண்டு, விடிகிற வரைக்கும் கட்டிலில்தான் இருந்தார். அவர் தலைமாட்டில் 'வாய்வழி எதுவும் தரக்கூடாது' என்ற பலகையை பிளெஸ்ஸியே மாட்டியிருந்தாள். ஒன்பது மணிக்கு முதல் கேஸ்.

இந்த இடத்தில்தான் மருத்துவமனையின் மரியாதை குறுக்கே வந்தது. வீர வாசலில் அது ஆயிரமாவது அறுவை சிகிச்சை. மக்கள் தொடர்பு அதிகாரி ஸௌரிராஜன் அதை ஒரு வாரமாக எண்ணிக்கொண்டிருந்தார். கோயில் கைங்கரியக் குடும்பம். மலையிலிருந்து பெரிய லட்டே வரவழைத்துவிட்டார். ஒரு ரிட்டயர்டு கர்னல் வந்தார். பொன்னாடை வந்தது. '1971 போர் நாயகருக்கு வீரவணக்கம்' என்று ஒரு பேனர் வந்தது. 1971-இல் பாலசுந்தரம் குடிபாலாவில் ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தார் என்பதை யாரும் கேட்கவில்லை. போன வருஷத்து பேனரில் பேரை மட்டும் மாற்றியிருந்தார்கள். கட்டுவதற்கு வேறு ஆணி அகப்படாமல், பிளெஸ்ஸி மாட்டிய பலகையின் ஆணியிலேயே, பலகைக்கு மேலாகவே கட்டினார்கள்.

கர்னல் லட்டைப் பிட்டு வீரரின் வாயில் ஊட்டினார். போட்டோக்காரர் பாபு, வெளிச்சம் சரியில்லை, இன்னொரு தடவை என்றார். இரண்டாவது படத்தில் டைரக்டர் கண்ணை மூடிவிட்டார். மூன்றாவது படம் நன்றாக வந்தது.

பக்கத்து வார்டில் ஒருவரிடமிருந்து பல்செட்டை வாங்கிக்கொண்டு பிளெஸ்ஸி திரும்பியபோது கைதட்டல் முடிந்திருந்தது. பாலசுந்தரம் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தார். மீசையில் ஒரு முந்திரித் துணுக்கு. மணி எட்டு பத்து.

"லட்டு எப்படி நைனா இருந்தது?" என்று கேட்டாள்.

"நெய் கொஞ்சம் தூக்கல்" என்று சொன்னவர், அவள் முகத்தைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டார். கர்னல் சாப் ஊட்டும்போது வாயை மூடிக்கொள்ள யாரும் தனக்குச் சொல்லித்தரவில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நேத்து சாயங்காலம் கஞ்சின்னு எய்திடு கண்ணு. இன்னைக்கு இல்லன்னா எனக்கு இன்னொரு தபா தைரியம் வராது."

அது நிஜம் என்று அவளுக்குத் தெரியும். உள்ளதை எழுதினால் அவர் போய்விடுவார். கட்டி அவரை மெதுவாகக் கொல்லும். கஞ்சி என்று எழுதினால் இன்னும் முக்கால் மணி நேரத்தில், மயக்கத்தில், வயிற்றில் கிடப்பது மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு எழுதினாள்: காலை 8.10, லட்டு, மூன்று வாய்.

டைரக்டர் தெலுங்கில், லட்டு உதட்டில் பட்டதோடு சரி என்றார். ஸௌரிராஜன் அவளைத் தனியே அழைத்து, மிகவும் பொறுமையாகச் சொன்னார்: "இதோ பாரும்மா, பெருமாள் பிரசாதம் ஆகாரக் கணக்கிலே சேராது. ஒனக்கு இது தெரியாம இருக்கறது ஒண்ணும் தப்பில்லே."

அவர் சொல்ல வந்தது புரிந்தது. அவள் ஞாயிற்றுக்கிழமை எங்கே போவாள் என்று மாடி முழுக்கத் தெரியும். பிளெஸ்ஸி அவர் சட்டைப் பையைப் பார்த்தாள். அதில் ஒரு காகிதப் பொட்டலம், நெய் ஊறி, துருத்திக்கொண்டிருந்தது.

"உங்க பங்கை சார் சாப்பிடலையா?"

"இன்னிக்கு ஏகாதசி. நாளைக்குக் கார்த்தால..." என்றவர் பொட்டலத்தைப் பையின் அடிக்குள் அழுத்தினார்.

மயக்க மருத்துவர் வைஜயந்தி அப்போது தாளைப் படித்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. நெய், கடலைமாவு, முந்திரி என்று விரல் மடக்கினார். எட்டு மணி நேரம் என்றார். நாலேகாலுக்கு மேல் எடுத்தால் தனக்குச் சம்மதம். அதற்கு முன்னால் கர்னலே வந்து மூக்கைப் பிடித்தாலும் தான் மருந்து கொடுப்பதற்கில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மாடியில் ஆயிரமாவது வெற்றிக்கு டீ பார்ட்டி இருக்கிறதே என்று டைரக்டர் முனகினார். நீங்கள் பார்ட்டியை நடத்துங்கள், நானும் சர்ஜனும் கீழே இருக்கிறோம் என்றார் வைஜயந்தி.

ஆயிரமாவது பெருமை ஒன்பது மணிக்குப் பட்டியலில் அடுத்திருந்தவருக்குப் போனது. அவர் ராணுவத்தில் ஸ்டோர் கீப்பர். வந்தது மூல வியாதிக்கு. அந்த வெற்றியை எந்தப் படத்தோடு வெளியிடுவது என்று மக்கள் தொடர்புத் துறை மதியம் வரைக்கும் யோசித்தது. பாலசுந்தரத்தின் பொன்னாடையை மடித்து எடுத்துப்போய் அவருக்குப் போர்த்தினார்கள்.

மற்ற கேஸ்களுக்கு நடுவில் பிளெஸ்ஸி நாலு தடவை வந்து எட்டிப் பார்த்தாள். இரண்டரை மணிக்குப் பார்த்தபோது கட்டில் காலி.

மருத்துவமனைக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் புருஷனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரி அங்கியின் மேலேயே சட்டையைப் போட்டிருந்தார். கையில் குத்திய ஊசியைத் துண்டால் மூடியிருந்தார். தாட்சாயணி பையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிளெஸ்ஸி அவரைக் கையைப் பிடித்து இழுக்கவில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு சித்தூர் பஸ் வந்தது. படிக்கட்டு வரை கூட்டம். அது போன பிறகு அவரே பேசினார்.

"துன்னது ஒரு பிடி கூட இருக்காது. அதுக்கு இன்னாத்துக்கும்மா எட்டு மணி நேரம்?"

அவள் சொன்னாள். மயக்கம் வந்தால் தொண்டையும் தூங்கிவிடும். வயிற்றில் கிடப்பது மேலே வந்தால் தடுக்க ஆளில்லை. நெஞ்சுக்குள் இறங்கி மூச்சை அடைத்துவிடும். கத்தி சரியாக இருந்தாலும், மருந்து சரியாக இருந்தாலும் மனிதர் போய்விடலாம். எப்போதும் சொல்கிறதைத்தான் சொன்னாள். ஆனால் அவர் கேட்ட விதம் வேறாக இருந்தது. ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லச் சொன்னார்.

பிறகு, தான் ராணுவத்தில் துப்பாக்கி பிடித்தவன் இல்லை, சமையல்காரன் என்றார். பேனரைப் பார்த்ததும் சொல்ல வாயெடுத்தாராம். அதற்குள் லட்டு வந்துவிட்டது. எண்பத்தெட்டில் இலங்கைக்குப் போன படையில் இருந்தார். நாகலாபுரத்துச் சிப்பாய் ஒருவன், சைமன் என்று பெயர், கண்ணிவெடியில் கால் சிதைந்து கூடார ஆஸ்பத்திரியில் கிடந்தான். வலி. தமிழில் பேச ஆள் வேண்டும் என்று சமையல் கொட்டகையிலிருந்து இவரைக் கூப்பிட்டிருந்தார்கள். எதுவும் கொடுக்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டுத்தான் போனார். அவன், "அண்ணே, ஒரே ஒரு டீ" என்றான். கொடுத்தார். அரை மணி கழித்து உள்ளே எடுத்துப் போனார்கள். கால் ஆபரேஷன்தான். மயக்கத்திலேயே போய்விட்டான் என்று வந்து சொன்னார்கள். அன்றிலிருந்து மயக்க மருந்து என்ற பேச்சை எடுத்தாலே அவருக்குக் கால் தரையில் நிற்காது.

தாட்சாயணி ரோட்டிலிருந்து கண்ணைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"டீக்கு எத்தினி மணி நேரம் கண்ணு?" என்றார்.

பிளெஸ்ஸி அவர் பக்கம் திரும்பினாள். "பால் போடாத டீயா நைனா?" என்று கேட்டாள். பால் இல்லாத டீ வயிற்றில் வெகுநேரம் தங்காது; ஆமாம் என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்று அந்தக் கணத்தில் மனதுக்குள் ஜெபம் மாதிரி ஒன்று ஓடியது.

"டின் பாலு. ரெண்டு ஸ்பூன் ஜாஸ்தியாவே போட்டேன். வலியில கிடக்கிறானேன்னு."

இன்னொரு பஸ் வந்து நின்றது. சித்தூர், சித்தூர் என்று கண்டக்டர் கத்தினான். ஜன்னல் ஓரம் இடம் இருந்தது. காலையில் ஒரு தாளில் உள்ளதை எழுதியது சுலபம் என்று அவளுக்கு இப்போது பட்டது.

"ஆறு மணி நேரம்" என்றாள். கால் சிதைந்தவனுக்கு வயிறு எப்படியும் வேலை செய்யாமல் நின்றிருக்கும், டீ இல்லாவிட்டாலும் நடந்திருக்கலாம், யாராலும் அதுதான் என்று சொல்ல முடியாது என்று தொடர்ந்தாள். அதுவும் பொய்யில்லை. அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

பஸ் போய்விட்டது.

"முப்பத்தேழு வருஷமா அந்த மருந்தத் திட்டிக்கினு இருந்தேன்" என்றார். வெகுநேரம் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. பிறகு, மணி என்ன என்று கேட்டார். மூன்று பத்து. எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்து ரோட்டைக் கடந்தார். தாட்சாயணி பையோடு பின்னால் போனாள்.

நாலரைக்கு உள்ளே எடுத்துப் போனார்கள். பீரங்கியில் ஸ்ட்ரெச்சர் இடித்தது. படம் எடுக்க யாரும் இல்லை. கதவுக்கு முன்னால் அவர் மனைவியிடம், எழுந்தால் நாகலாபுரம் போக வேண்டும், அவன் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார்.

"போவலாம்" என்றாள் அவள்.

மேலே மொட்டை மாடியில் மைக்கில் நன்றியுரை கேட்டது. பிளெஸ்ஸி அறுவை அறைக்கு வெளியே பெஞ்சில் தாட்சாயணியோடு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ஆறு மணி பஸ் போய்விட்டது, அடுத்ததும் போய்விட்டது. ஏழேகாலுக்கு வைஜயந்தி வெளியே வந்து, கட்டி முழுதாக வந்துவிட்டது, விழித்துவிட்டார், தானாக மூச்சு விடுகிறார், மனைவி வந்து பார்க்கலாம் என்றார்.

தாட்சாயணி உடனே எழவில்லை.

"ராத்திரில தூக்கத்துல, டீ வேணுமாடான்னு கேப்பாரும்மா. இலங்கைலேர்ந்து வந்து கல்யாணம் ஆன நாள்லேர்ந்து" என்றாள். "தனக்குத்தான் கேக்கறாரு, தூக்கத்துல மாத்திச் சொல்றாருன்னு நெனச்சி, எழுந்து போட்டுக் குடுப்பேன். அவரும் வாங்கிக் குடிச்சிட்டு ஒண்ணும் சொல்லாம படுத்துப்பாரு."

தாட்சாயணி புடவைத் தலைப்பால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள்.