கூடைக் கயிற்று வலி

குழந்தையின் உச்சிக்குழியில் டொக்டர் ஸ்கேன் கருவியை வைத்தபோது, சுலக்ஷனா திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். குறைமாதத்தில் பிறந்தவன். அவளுக்கு பிரஷர் ஏறியதால் வயிற்றுக்குள் அவனுக்குப் போதிய இரத்தம் போகவில்லை, மூளை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

அவன் வயிற்றில் இருக்கும்போது அவளுக்குத் தலைவலி தொடங்கியது; யாருமே பயப்படவில்லை. தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிறு உச்சந்தலையில் கிடந்து இழுப்பதால் தோட்டத்துப் பெண்களுக்கெல்லாம் பழகிய வலி அது. "கயித்து வலிதான். தைலத்தத் தேய்ச்சுட்டுப் படு" என்றார் மாமியார் நாகலெட்சுமி. அவளும் நம்பினாள். தெரிந்த வலி என்பதில் ஓர் ஆறுதல் இருந்தது.

லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராவில் இருக்கும் அழகம்மாவுக்கும் அவளுக்கும் தண்ணீர்க் குழாயடியில் என்றைக்கும் ஆகாது. அன்று தலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தவளிடம் அழகம்மா கேட்டாள்.

"மகாராணிக்கு என்னவாம்?"

"கயித்து வலிக்கா."

"நீ கூடைய எறக்கி வச்சு ஒரு மாசமாகுது. இப்ப எதத் தூக்கிட்டுத் திரியிற, ஒங்க மாமியாவையா?"

சுலக்ஷனாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடி நிமிர்ந்தால், அழகம்மாவின் முகத்தில் பாதி தெரியவில்லை. கண்ணுக்குள் வெளிச்சம் பொரிப்பொரியாகப் பறந்தது. அதைச் சொன்னதும் அழகம்மா ஓடிப்போய் ஓர் ஆட்டோவைப் பிடித்துவந்தாள். மஸ்கெலியா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை அவளைத் திட்டிக்கொண்டே வந்தாள்; ஆனால் பிடித்த கையை விடவில்லை. அங்கே பிரஷரைப் பார்த்தவர்கள் உடனே அம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வலிப்பு வராமலிருக்க மருந்து ஏற்றி, ஒப்பரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள்.

டொக்டர் கருவியை எடுத்துவிட்டு, சிங்களச் சாயல் விழுந்த தமிழில் சொன்னார்.

"மூளையில ரத்தக் கசிவு இல்ல அம்மா. இப்ப நல்லம். ஆனா கிளினிக் கட்டாயம் வரணும், வளர வளர நாங்க பாக்கணும். நீங்க வந்தது நல்ல நேரம். சுணங்கியிருந்தா ரெண்டு பேருக்கும் கஷ்டம்."

சுலக்ஷனா வார்டுக்கு வெளியே வந்து அழகம்மாவுக்குப் போன் எடுத்தாள். நன்றி என்ற சொல்லை லயத்தில் யாரும் யாரிடமும் சொல்வதில்லை, சொன்னால் அந்நியமாகிவிடும். நெஞ்சு முழுக்க இருப்பதை எந்தச் சொல்லில் வைப்பதென்று தெரியவில்லை.

"அக்கா, புள்ளையோட தலையப் பாத்துட்டாங்க. இப்பைக்கு ஒண்ணுமில்லையாம்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"சரி சரி. ஆளு யாரு மாதிரி இருக்கான்?"

சுலக்ஷனா வார்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். பால் பிழிந்து கொடுத்திருக்கிறாள், துணி மாற்றியிருக்கிறாள். முகத்தை மட்டும் அவள் இத்தனை நாளும் நிதானமாகப் பார்த்ததே இல்லை. பார்த்து மனதில் பதிந்துவிட்டால், இழக்க நேரும்போது தாங்க முடியாது என்று தனக்கே தெரியாமல் ஒதுங்கியிருந்திருக்கிறாள்.

"இருங்கக்கா, பாத்துட்டுச் சொல்றேன்" என்றபடி உள்ளே நடந்தாள்.