டேங்க் நிறைய

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது அவள் தையல்கடையில் ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு மூச்சு ஒரு நிலையில் இல்லை, பிள்ளைகள் சீக்கிரம் வந்தால் நல்லது என்று நர்ஸ் சொன்னாள். துணியில் ஊசி இறங்கியது இறங்கியபடி இருக்க, எழுந்து தம்பிக்கு போன் போட்டாள்.

தம்பி வாடகைக் கார் ஓட்டுகிறவன். யாரையோ இறக்கிவிட்ட கையோடு வண்டியைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டான். ஆஸ்பத்திரி பக்கத்து ஊரில், ஆற்றைத் தாண்டிப் போக வேண்டும். விடாமல் கொட்டிய மழை அன்று காலையில்தான் ஓய்ந்திருந்தது. தெருவெல்லாம் தேங்கிய தண்ணீர்.

அவள் புருஷன் வேலை பார்க்கும் பெட்ரோல் பங்க் போகிற வழியில்தான். உறவு என்னவோ மாமன் மச்சான், பழக்கம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்போல. "அக்காவையே கொடுத்திருக்கோம், ஒரு லிட்டர் கூடப் போடக் கூடாதா மாமா?" என்பான் தம்பி. "கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்க, ரெண்டு லிட்டராப் போடறேன்" என்பார் அவர். பங்கில் இருக்கிற எல்லோருக்கும் இந்த வசனம் மனப்பாடம்.

அன்று வசனம் எதுவும் இல்லை. ஷிஃப்ட் மாற்ற ஆள் வராமல் அவரால் கிளம்ப முடியாது, பின்னாலேயே பஸ்ஸில் வருவதாகச் சொன்னார். பிறகு பெட்ரோல் முள்ளைக் குனிந்து பார்த்தார். பாதி இருந்தது.

"இது போதும் மாமா, தாராளமா போய் வந்துடலாம்" என்றான் தம்பி.

"இருக்கட்டும் மச்சான். நடுவுல எங்கயும் நிக்காம போங்க" என்று மூடியைத் திறந்து டேங்க் நிறையப் போட்டார். மூடியைத் திருகிவிட்டு வண்டியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். கன்றுக்குட்டியை விரட்டுகிற மாதிரி அவர் எப்போதும் அப்படித்தான் தட்டுவார்.

பாலத்தில் ஏறும் முன்பே இன்ஜின் ஒருமுறை இருமியது. தம்பி அவளைப் பார்க்கவில்லை. நடுப் பாலத்தில் வண்டி குலுங்கியது, முக்கியது, அப்படியே அடங்கிப்போனது. சாவியைத் திருப்பினான். சுற்றியதே தவிரப் பிடிக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்ததில் பேட்டரியும் இறங்கியது. பானெட்டைத் திறந்து கைக்கு எட்டியதையெல்லாம் தொட்டுப் பார்த்தான். அவள் கைப்பிடிச் சுவரோரம் நின்று, வருகிற வண்டிகளை எல்லாம் கைகாட்டி மறித்தாள். மழைக்குப் பிறகு எல்லோருக்கும் அவசரம். கடைசியில் காய்கறி ஏற்றிய வேன் ஒன்று நின்றது. காரைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, டிரைவர் பக்கத்தில் இருவரும் ஒண்டிக்கொண்டு போனார்கள்.

வார்டுக்குள் நுழைந்தபோது அம்மாவின் முகம்வரை வெள்ளைத் துணி ஏறியிருந்தது. கால்மாட்டில் நின்ற நர்ஸ், "இப்பதாங்க" என்றாள். கடைசிவரை நினைவு இருந்ததாம். ஜன்னலுக்கு வெளியே கார்ச் சத்தம் கேட்கும்போதெல்லாம் "என் பையன் வண்டியா பாரும்மா" என்று கேட்டாராம். தம்பி சுவரில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்தான். அவள் துணியை விலக்கி அம்மாவின் கையைப் பிடித்தாள். சூடு இன்னும் இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அடக்கம் முடியும்வரை மாமனும் மச்சானும் ஒன்றாகத்தான் நின்றார்கள். போகிற உயிரை யாரால் பிடித்துவைக்க முடியும் என்று வந்தவர்கள் சொன்னார்கள், இருவரும் தலையை ஆட்டினார்கள்.

பாலத்திலிருந்து கட்டி இழுத்துவந்த கார் மெக்கானிக் ஷெட்டில் கிடந்தது. தம்பி போய்ப் பார்க்கப் பிடிக்காமல் நாளைக் கடத்தினான். அவள்தான் அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். இதே மாதிரி முக்கி நின்றுபோன வண்டிகள் வேறு சிலவும் தன்னிடம் வந்திருப்பதாக மெக்கானிக் சொன்னார். பெட்ரோலில்தான் கோளாறு என்று தனக்குச் சந்தேகமாம். பம்ப் போயிருக்கட்டும், ஒயர் கருகியிருக்கட்டும், என்ன வேண்டுமானாலும் ஆகட்டும், பெட்ரோலாக மட்டும் இருக்க வேண்டாம் என்று அவள் உள்ளுக்குள் மன்றாடினாள்.

மெக்கானிக் டேங்கின் அடியிலிருந்து குழாய் வைத்து ஒரு பாட்டிலில் பிடித்தார். கலங்கலாக இறங்கியது. பெஞ்சின் மேல் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். மேலே மஞ்சளாகப் பெட்ரோல் நின்றது. கீழே முக்கால் பாட்டிலுக்குத் தண்ணீர்.

தம்பி குனிந்து, பாட்டிலில் தண்ணீர் நின்ற கோட்டை விரலால் தொட்டான். "பாதி டேங்க் இருந்துச்சுக்கா" என்றான். "அதுலயே போயிருப்போம்."

அவள் பாட்டிலைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் புருஷன் அதை வாங்கி, சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். யார் வண்டியிலிருந்து எடுத்தது என்று கேட்கவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார். பங்கில் தரைக்கடியில் இருக்கும் பெரிய டேங்கின் மூடியில் ரப்பர் இற்றுப்போயிருந்தது. மழைக்கு முன்பே முதலாளியிடம் சொல்லியிருந்தார். பார்க்கலாம் என்றாராம் முதலாளி. அன்று காலை டேங்கில் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று கம்பி விட்டுச் சோதித்தது முதலாளியே. தண்ணீர் இல்லை, விற்கலாம் என்று அவர் சொன்னதை நம்பித்தான் எல்லோரும் போட்டார்கள்.

"உங்க மேல என்னங்க தப்பு?" என்றாள் அவள்.

"மச்சான் போதும்னுதானே சொன்னான்" என்றார் அவர். சிங்க் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை.

மறுநாள் பாட்டிலோடு முதலாளியிடம் போனார். உன் மச்சான் வண்டி ஓட்டை வண்டி, டேங்கில் மழைத்தண்ணி இறங்கியிருக்கும் என்று முதலாளி கையை விரித்துவிட்டார். விற்பனையும் நிற்கவில்லை. இவர் வெளியே வந்து வாசலில் நின்று, உள்ளே திரும்பிய ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி, இங்கே போடாதீர்கள் என்று சொன்னார். சிலர் திரும்பிப் போனார்கள், சிலர் பைத்தியம் என்று நினைத்தார்கள். மதியத்துக்குள் வேலை போனது. ஆனால் வண்டி கெட்டவர்கள் சும்மா இருக்கவில்லை, புகார் கொடுத்தார்கள். அதிகாரிகள் வந்து சோதித்து, பங்கைப் பூட்டி, டேங்கைக் காலி செய்தார்கள். மூடிக்குப் புது ரப்பர் போட்ட பிறகு பங்க் பழையபடி திறந்தது. அவர் ஒரு கிடங்கில் மூட்டை எண்ணும் வேலைக்குப் போனார்.

தம்பி மட்டும் வரவில்லை. போன் செய்தால் அக்காவிடம் பேசுவான், மாமாவிடம் கொடுக்கிறேன் என்றால் சவாரி வந்துவிட்டது என்பான். பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே அவன் வீட்டுக்குப் போனாள். மாமாவுக்கு வேலை போன கதையை முதலிலிருந்து சொன்னாள்.

"எல்லாம் தெரியும்கா" என்றான். "மாமா மேல எனக்குக் கோபமே இல்ல. சத்தியமா இல்ல. அவர் எங்கேயாவது எதிர்ல வந்தா பாலத்துல நிக்கிற மாதிரியே ஆயிடுது. நான் என்ன பண்ணட்டும்?"

அவள் அவன் தலையைத் தடவிவிட்டு எழுந்தாள். எது சொன்னாலும் அது பொய்யாகத்தான் இருக்கும் என்று பட்டது.

வீடு திரும்பியபோது அவர் வாசற்கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். "என்ன சொன்னான்?"

"கோபமில்லையாம்."

அவர் முகம் சட்டென்று தெளிந்தது. "நான்தான் சொன்னேனே, அவன் மனசுல எதையும் வெச்சுக்க மாட்டான். எப்ப வரேன்னான்?"

"வண்டி இப்ப ஓயாம ஓடுதாம்" என்றாள். "நேரம் கிடைக்கிறப்ப வருவான்."

அது போதும் என்பதுபோல் தலையாட்டிவிட்டு, அவளுக்காக டீ போட அவர் உள்ளே போனார். அவள் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.